சேஷாசலத்துச் செம்மரம் தந்த செல்வம்

நவராத்திரிக் கொலுவில் அரசனும் அரசியுமாக வீற்றிருக்கும் மரப்பாச்சிப் பொம்மைகளை அறியாத தமிழ் இல்லம் அரிது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் பலர், பிறந்த வீட்டுச் சீராக அவற்றைப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றனர். திருமலை யாத்திரை சென்றோர் திருப்பதிக் கடைவீதியில் வாங்கி வந்த அப்பொம்மைகள் செம்மரத்தில் கடைந்தவை. செஞ்சந்தனம் என நம் மருத்துவ நூல்களும், எர்ரசந்தனம் எனத் தெலுங்கரும் வழங்கும் மரம் அதுவே. குழந்தைக்கு வீக்கம் கண்டால் பாட்டிமார் அதே பொம்மையைக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவது வழக்கம்.

இம்மரம் இயற்கையாகச் செழிப்பது சித்தூர், திருப்பதி, கடப்பை வட்டாரங்களின் வறண்ட மலைச்சரிவுகளில்தான். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. 1960-இல் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கற்கள் எத்தனை முறை இடம் மாறினும், செம்மரம் அக்குன்றுகளைவிட்டு வெகுதூரம் சென்றதில்லை. அதன் உள்மரம் வைரம் பாய்ந்து செந்நிறம் கொள்ளப் பல பத்தாண்டுகள் வேண்டும். கம்பெனியார் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து இது சாயக்கட்டையாகக் கப்பலேறியது.

ஐரோப்பிய இரசாயனப் புலவர் அந்தச் சாயத்தோடு நிறைவு கொள்ளவில்லை. 1919-இல் மெஸ்கலின் என்னும் மனமயக்கப் பொருளை முதன்முதலாகச் செயற்கையில் ஆக்கிக் காட்டிய வியன்னாப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஷ்பேத், தம் துணைவர் ஷ்லேகருடன் செம்மரக் கட்டையை ஆராய்ந்தார். 1940-இல் அதனின்று நிறமற்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். செம்மரத்தின் தாவர நூற்பெயர் 'டெரோகார்ப்பஸ்'. சிறகுக்கனி என்பது பொருள். அப்பெயரை ஒட்டிப் புதிய பொருள் 'டெரோஸ்டில்பீன்' எனப்பட்டது.

இவ்வகை மரங்களின் இரசாயனத்தை நம் நாட்டில் வளர்த்தவருள் தலையாயவர், குளித்தலையில் 1900-இல் பிறந்த தி. இரா. சேஷாத்திரி. அவரும் நம்மைப்போல் தாயகம் விட்டுச் சென்றவரே. ஆந்திரப் பல்கலைக் கழகத்திலும், 1949 முதல் தில்லியிலும் பணியாற்றினார். வேங்கை, செம்மரம் ஆகியவற்றின் உள்மரப் பொருள்களை மாணவருடன் ஆராய்ந்து, 1972-இல் அவ்வாராய்ச்சியைத் தொகுத்து வெளியிட்டார். செம்மரம் விளையும் மலையின் பெயரே அவர் பெயராகவும் அமைந்தது இனிய பொருத்தம்.

அண்மைக் காலத்தில் இப்பொருள் மனநோய் ஆராய்ச்சிக் கூடங்களுள் புகுந்துள்ளது. தரைக்கு மேலே கூட்டற்குறி வடிவில் ஒரு மேடை. அதன் இரு கைகளுக்குச் சுவருண்டு. இரு கைகள் திறந்தவை. அஞ்சும் எலி சுவரோரம் ஒடுங்கும். அச்சம் தணிந்த எலி திறந்த பக்கம் உலவும். டெரோஸ்டில்பீன் பெற்ற எலிகளிடம் அச்சம் தணிந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இடையறாத இன்னல்களால் சோர்வுறச் செய்த எலிகளிடத்தும் இதன் பயனைச் சோதித்துள்ளனர். ஆயினும் இவை எலிகளோடு நிற்கும் செய்திகள். மனிதரின் மனச்சோர்வுக்கு இஃது இன்னும் மருந்தாக ஏற்கப்படவில்லை. சோர்வுற்றோர் மருத்துவரை நாடுவதே முறை. செம்மரத்தூளைத் தேடுதல் தகாது.

மரத்தின் நிலை என்ன? அழகுப் பொருள்களுக்காகவும் இசைக்கருவிகளுக்காகவும் கீழைநாடுகளில் இதற்குப் பெருவிலை உண்டு. எனவே கள்ளத்தனமாக வெட்டுதல் பெருகிற்று. 1995-இல் இம்மரத்தின் அயல்நாட்டு வாணிபத்துக்கு உலக உடன்படிக்கையொன்று கட்டுப்பாடு விதித்தது. சேஷாசல வனம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதன் பின்னும் வெட்டு ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை அடுத்த காட்டில், தமிழகத்திலிருந்து சென்ற கூலித் தொழிலாளர் 20 பேர் காவற்படையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். தாக்கப்பட்டதால் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்பினர் அதனை மறுத்தனர். பெரும்பொருள் ஈட்டியவர் எங்கோ இருக்க, நாட்கூலிக்குச் சென்றவரின் குடும்பங்களில் விளக்கணைந்தது.

இங்கே அன்பர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. டெரோஸ்டில்பீனைப் பெறுவதற்கு இன்று ஒரு செம்மரத்தையும் வீழ்த்த வேண்டியதில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஆக்னஸ் ரிமாண்டோவும் அவர்தம் குழுவினரும் அவுரிநெல்லி இனக் கனிகளில் அது சிறிதளவு இருப்பதை 2004-இல் எடுத்துக் காட்டினர். ஆய்வுக் கூடத்தில் செயற்கையாகவும் அதனை ஆக்குகின்றனர். மரம் தன் இரகசியத்தை ஒருமுறை சொல்லிவிட்டது. அதனை மீண்டும் கேட்க அரிவாள் வேண்டா. சேஷாத்திரி போன்றோர் அம்மரத்தினின்று எடுத்தது அறிவு. அதை எத்துணை முறை எடுப்பினும் காடு குறைவதில்லை. வீட்டிலுள்ள பழைய மரப்பாச்சியைப் பேணி அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போம். மலையிலுள்ள மரம் மலையிலேயே வைரம் பாயட்டும்.