கோதாவும் முகமூடியும் – 6: பூட்டு

1954 டிசம்பர் 22, டோக்கியோவின் குராமே கொகுகிகான் அரங்கம். சென்ற வாரம் இருவரையும் எதிரெதிர் மூலைகளில் நிறுத்திவிட்டு வந்தோம். ஒரு மூலையில் ரிக்கிதோசான்: கொரியாவில் பிறந்து, அதை வெளியே சொல்லாமல், சுமோவில் செகிவாக்கே பட்டம்வரை ஏறி, பிறகு குடுமியை அறுத்துக்கொண்டு தொழில்முறை மல்யுத்தத்துக்கு வந்தவர். மறு மூலையில் மசாஹிகோ கிமுரா, ஜூடோவில் ஜப்பான் கண்ட ஆகப் பெரிய வீரர்.

மணி அடித்தது. முதலில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பிடித்தார்கள், எறிந்தார்கள், விலகினார்கள். பிறகு ரிக்கிதோசானின் முகம் மாறியது. விரித்த கையின் ஓரத்தால் கிமுராவின் கழுத்திலும் முகத்திலும் அறையத் தொடங்கினார். கிமுரா தடுக்கக்கூட இல்லை, ஏனென்றால் அவர் எதிர்பார்த்து வந்த ஆட்டமே வேறு. பதினாறாவது நிமிடம் முடிவதற்குள் ரத்தம் சிந்தக் கீழே கிடந்தார். சமநிலையில் முடிப்பதாகப் பேசி வைத்திருந்தோம், ரிக்கிதோசான் வாக்கு மீறினார் என்று கிமுரா கடைசிவரை சொன்னார். கிமுராவின் உதை படக்கூடாத இடத்தில் பட்டதுதான் காரணம் என்றது எதிர்த்தரப்பு.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்பே பேசி முடித்த விஷயம். அதனால் இது பொய் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கதகளியில் துச்சாசன வதம் பார்க்க உட்கார்கிறவர் பீமன் ஜெயிப்பானா என்று விடிய விடிய விழித்திருப்பதில்லை, எப்படி ஜெயிக்கிறான் என்று பார்க்கத்தான் விழித்திருக்கிறார். விழும் உடம்பும் நோகும் முதுகும் நிஜம். ஆனால் பேசி வைத்த பேச்சு கோதாவின் நடுவிலேயே அறுந்துபோன சில இரவுகளும் உண்டு. இந்தத் தொடர் துரத்திப் போவது அந்த இரவுகளைத்தான்.

தோற்ற கிமுராவின் பெயர் ஏன் இன்றும் நிற்கிறது? மூன்று ஆண்டுகளுக்கு முன், 1951 அக்டோபரில், பிரேசிலின் மரக்கானா அரங்கில் அவர் அந்நாட்டு வீரர் ஹீலியோ கிரேசியோடு மோதினார். ஹீலியோவின் மணிக்கட்டைப் பிடித்து, தன் மற்றொரு கையை அதன் மேல் சுற்றிக் கோர்த்து, தோள் திருகும் திசைக்கு முறுக்கினார். கை முறிந்தது. ஹீலியோ ஒப்புக்கொடுக்கவில்லை. ஓரத்தில் நின்றவர்கள்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஜப்பானில் இந்தப் பிடிக்கு உதெ-கராமி என்று பெயர். பிரேசில்காரர்களோ தங்களைத் தோற்கடித்தவரின் பெயரையே அந்தப் பிடிக்கு வைத்தார்கள்: கிமுரா.

தனுவச்சபுரத்திலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பிடியை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தெக்கன் களரியின் மண் இது. அடிமுறை ஆசான்மார் பூட்டும் பிரிவும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லித் தருவார்கள். மாட்டத் தெரிந்தவனுக்கு விடுவிக்கவும் தெரிய வேண்டும். ஜப்பானிய மல்யுத்தத்தைப் பார்க்கத் தொடங்கும்போது அந்தக் கண்ணோடு பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். பாய்ச்சலையும் குத்தையும் விட்டுவிட்டு, கை எங்கே மாட்டுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்தால் அரைமணி நேர ஆட்டமும் அலுக்காது.

கிமுராவை வீழ்த்திய ரிக்கிதோசான் ஜப்பானின் தெய்வமானார். வீடுகளில் தொலைக்காட்சி இல்லாத காலம். தெருமுனைகளில் நிறுத்தியிருந்த பெட்டிகளின் முன்னால் ஆயிரக்கணக்கில் கூடி நின்று, போரில் தோற்ற ஒரு நாடு தன் ஆள் வெள்ளைக்காரர்களை அடிப்பதைப் பார்த்தது. அடுத்து அவருக்குத் தேவைப்பட்டது ஆசியப் பட்டம். அதற்கு ஆள் வந்தது நம் பக்கத்திலிருந்து.

தமிழரும் மலையாளியும் பிழைக்கப் போன அதே சிங்கப்பூரில், கிரேட் வேர்ல்டு கேளிக்கைத் திடலில் மல்யுத்தம் அப்போது கொடிகட்டிப் பறந்தது. 1947 வாக்கில் அங்கே போய், பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை பார்த்தபடி ஹர்னாம் சிங்கிடம் பயின்றவர்தான் தாராசிங். அவருடைய பேர்போன எதிராளி கிங்காங் என்கிற எமில் சாயா. யாராவது யாரோடாவது முட்டிக்கொண்டால் நம் தாத்தாக்கள் ‘தாராசிங் கிங்காங் மாதிரி’ என்றார்களே, அந்தக் கிங்காங். 1955 நவம்பரில் கிங்காங்கும் டைகர் ஜோகிந்தர் சிங்கும் டோக்கியோவில் இறங்கினார்கள். ரிக்கிதோசான் - ஹெரால்டு சகாட்டா ஜோடியை வென்று, ஆசிய இரட்டையர் பட்டத்தை முதன்முதலில் கையில் ஏந்திய ஜோடி இவர்கள். அதே மாதத்தில் கிங்காங்கைத் தோற்கடித்து ஒற்றையர் பட்டத்தை ரிக்கிதோசான் எடுத்துக்கொண்டார். அந்த இரட்டையர் பட்டம் ஆல் ஜப்பான் நிறுவனத்தில் இன்றும் போட்டிக்கு வருகிறது. அதன் பட்டியலில் முதல் வரியில் ஒரு பஞ்சாபிப் பெயர் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொடரின் இன்னொரு பாதையான மெக்சிகோவுக்கு இரண்டு வாரம் கழித்து முழுதாகப் போகப் போகிறோம். இப்போதைக்கு ஒரே ஒரு இரவு: 1952 நவம்பர் 7. எல் சாந்தோவும் பிளாக் ஷேடோவும் முகமூடியைப் பந்தயம் வைத்து மோதினார்கள். அங்கே தோற்றவர் முகமூடியைக் கழற்ற வேண்டும், சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பட்டத்தை இழந்தால் திரும்ப வெல்லலாம், முகத்தை இழந்தால் திரும்பக் கிடைக்காது. பிளாக் ஷேடோ தோற்றார். அவருடைய கூட்டாளி புளூ டெமன் அதைத் தாங்கமாட்டாமல், முரட்டு ரூடோ பக்கத்திலிருந்து நேர்மையான டெக்னிக்கோ பக்கம் சாய்ந்தார். மறு ஆண்டே சாந்தோவைத் தோற்கடித்துப் பட்டத்தையும் பறித்தார். மெக்சிகோ ஆட்டம் பார்க்க இந்த இரண்டு கட்சிகளையும், மூன்றில் இரண்டு வீழ்த்தல் என்ற கணக்கையும் தெரிந்துகொண்டால் போதும். மொழி தேவையில்லை.

பூட்டுக்குத் திரும்புவோம். 1960இல் பிரேசில் போன ரிக்கிதோசான், அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஜப்பானியப் பையனைப் பார்த்தார். பதினேழு வயது, நீண்ட தாடை. ஊருக்கு அழைத்து வந்து சீடனாக்கிக்கொண்டார். அந்தப் பையன்தான் அந்தோனியோ இனோக்கி. 1963 டிசம்பரில் ஓர் இரவு விடுதியில் கத்திக்குத்துப்பட்டு ஒரு வாரத்தில் குரு இறந்துபோனார். அதன்பின் இனோக்கிக்குப் பிடிகள் சொல்லித்தந்தவர் கார்ல் காட்ச், இங்கிலாந்தின் விகன் நகரத்தில் பில்லி ரைலியின் கூடத்தில் தேறியவர். கிமுராவின் அதே பூட்டு அந்த மரபில் டபுள் ரிஸ்ட்லாக்.

காட்ச் தன் சீடர்களுக்குக் கொடுத்த பயிற்சி எது தெரியுமா? தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. ஜப்பானின் பயிற்சிக்கூடங்களில் பஸ்கியை இன்றும் ‘இந்து ஸ்குவாட்’ என்றே சொல்கிறார்கள். பஞ்சாபின் அகாடாக்களில் காமா பயில்வான் ஆயிரக்கணக்கில் எடுத்த அதே பஸ்கி. 1910இல் லண்டனில் ஸ்பிஸ்கோ என்ற மல்லரை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையோடு கட்டிப்போட்டு, 1928இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் மல்லாத்திய காமாவின் பயிற்சி டோக்கியோவில் குடியேறிவிட்டது.

அது திரும்பி வந்த நாள் 1976 டிசம்பர் 12. அதே ஆண்டு ஜூனில் முகமது அலியோடு பதினைந்து சுற்று மோதிச் சமநிலை கண்ட இனோக்கி, பாகிஸ்தானின் அழைப்பை ஏற்றுக் கராச்சி தேசிய அரங்கில் இறங்கினார். எதிரே அக்ரம் பயில்வான், காமாவின் தம்பி இமாம் பக்‌ஷின் மகன், நாற்பதைக் கடந்தவர். இனோக்கிக்கு வயது முப்பத்துமூன்று. பேசி வைத்த முடிவு எதுவும் அன்றைக்கு இல்லை என்பதே இனோக்கி தரப்பு சொன்னது. முதல் இரண்டு சுற்றுகளிலேயே அது பார்த்தவர்களுக்கும் புரிந்துவிட்டது. அக்ரம் என் கையைக் கடிக்கிறார் என்று இனோக்கி நடுவரிடம் கையை நீட்டிக் காட்டினார்.

மூன்றாம் சுற்று. அக்ரமின் மணிக்கட்டு இனோக்கியின் கையில் மாட்டியது. மற்றொரு கை மேலே சுற்றிக் கோர்த்தது. மரக்கானாவில் கிமுரா மாட்டிய அதே பூட்டு. தோள் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. தரையைத் தட்டினால் போதும், விட்டுவிடுவார்கள். ஆனால் காமா குடும்பத்துப் பிள்ளை சொந்த மக்கள் முன்னால் தரையைத் தட்டுவதா? நடுவர் குனிந்து கேட்டார். அக்ரம் தட்டவில்லை.

இனோக்கி விடவும் இல்லை.

அடுத்த வாரம்: அந்த ஒரு நிமிடத்தில் கராச்சியில் நடந்தது என்ன, அதற்குப் பழிவாங்க 1979இல் லாகூரில் இறங்கிய பதின்ம வயதுப் பையன் யார்? அதற்குள் ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்: 1981 ஏப்ரல் 23, டைகர் மாஸ்க் - டைனமைட் கிட். பத்து நிமிடம்கூட ஓடாது. அந்தப் புலி முகமூடிக்குள் இருந்த சதோரு சயாமா மெக்சிகோவில் பழகித் தேறியவர். நம் தொடரின் இரண்டு பாதைகளும் அந்த ஆட்டத்தில்தான் சந்திக்கின்றன.