ஆறே ஆறுக்கு இலக்கணம்

பொதிகையில் பிறந்த பொருநை நேராக நடப்பதில்லை. வளைந்து நெளிந்தே கடலை அடைகிறது. அதன் போக்கை அறிந்து நம் முன்னோர் கட்டினர். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. நீர் மோதும் பக்கம் படகின் முனைபோல் அமைந்து வெள்ளத்தைப் பிளந்து விடுகிறது. வண்ணார்பேட்டையருகே 1843இல் சுலோசன முதலியார் தம் பொருளைச் செலவிட்டு அமைத்த பாலமும், வெள்ளம் செல்ல அகன்ற வளைவுகளை விட்டே எழுந்தது.

இம்மனப்பாங்கு எங்கும் நிலைத்ததன்று. அமெரிக்காவின் புளோரிடாவில் கிசிம்மி என்றோர் ஆறு உண்டு. வெள்ளத்தை அடக்கக் கருதி, 1962 முதல் 1971 வரை அதனை நேரான கால்வாயாக வெட்டினர். 166 கிலோமீட்டர் ஆறு 90 கிலோமீட்டர் ஆயிற்று. சதுப்பு நிலங்கள் வறண்டன, நீர்ப்பறவைகள் அகன்றன.

ஆற்றை நேராக்குவதால் வரும் தீங்கு யாது? வழியின் நீளம் குறையச் சரிவு மிகும். சரிவு மிக நீரின் விசை கூடும். அவ்விசை படுகையைத் தோண்டும், கரையைச் சரிக்கும், அள்ளிய மண்ணைக் கீழே கொண்டுபோய்க் குவிக்கும். வளைந்த ஆற்றிலோ வெளிக்கரையில் மடுவும் உட்கரையில் மணல்திட்டும் உண்டாகும். பெருகும் வெள்ளம் பக்கத்துத் தாழ்நிலத்தில் பரவி, வேகம் தணிந்து, வண்டலை விட்டுச் செல்லும்.

கிசிம்மியில் கால்வாயின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பழைய வளைவுகளில் நீரைத் திருப்பும் பணி 1999இல் தொடங்கி, 2021இல் நிறைவுற்றது. பறவைகள் மீண்டன.

அந்நாட்டு அறிஞர் லூனா லியோபோல்டு 1950களில் தம் தோழருடன் ஆறுகளை அளந்து, அகலத்துக்கும் வளைவுக்கும் இடையே ஓர் ஒழுங்கு உண்டெனக் காட்டினார். அவர் வழிவந்த டேவ் ராஸ்கென், கெடாத ஓடைப் பகுதியை முன்மாதிரியாக அளந்து, கெட்டதை அவ்வாறே வடிக்கும் முறையை வகுத்தார். இதனை மறுப்பாரும் உளர். வடிவத்தைப் படியெடுத்தல் மட்டும் போதாது; மேலிருந்து வரும் நீரும் மணலும் மாறியிருந்தால் பழைய வடிவம் நிலைக்காது என்பது அவர்கள் வாதம். அது புறக்கணிக்கத் தக்கதன்று. அணைகளும் மணற்கொள்ளையும் கண்ட பொருநைக்கு அவ்வாதம் மிகவும் பொருந்தும்.

2023 டிசம்பரில் பெருமழை பெய்து பொருநை பொங்கியபோது, திருநெல்வேலியின் கரையோரப் பகுதிகளில் நீர் புகுந்தது. வெள்ளம் பரவும் நிலத்தை நாம் வீட்டுமனை ஆக்கினாலும், ஆறு அதனைத் தன் நிலமாகவே கொள்கிறது.

ஆதலின், மாணவர்களே, ஓர் ஓடையைத் திருத்த முற்படுவோர் முதலில் கையில் எடுக்க வேண்டியது மண்வெட்டி அன்று, அளவுகோல். அதன் அகலம், வளைவு, வெள்ளம் தொட்ட மட்டம், படுகை மணல் ஆகியவற்றைக் கெடாத இடத்தில் அளந்து அறிக. அதன்பின் வெட்டுக.