பார்வை மங்கிய ரெண்டு துப்பாக்கிக்காரர்கள்

இத்தாலிக்காரங்க எடுத்த கௌபாய் படம்னா உடனே க்ளின்ட் ஈஸ்ட்வுட், சுருட்டு, செர்ஜியோ லியோனிதான் ஞாபகம் வரும். லியோனியின் முதல் கௌபாய் படம் வந்த அதே 1964-ல இன்னொரு செர்ஜியோவும் ஒண்ணு எடுத்தார். செர்ஜியோ கோர்புச்சியின் 'மின்னசோட்டா க்ளே'. பின்னாடி 'ஜாங்கோ' (1966) எடுத்தாரே, அவரேதான். அப்பல்லாம் இத்தாலி இயக்குநர்கள் அமெரிக்கப் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க. லியோனியே 'பாப் ராபர்ட்சன்'னு போட்டுக்கிட்டார். கோர்புச்சி சொந்தப் பேரையே போட்டார்.

கதை சின்னதுதான். கைதி க்ளே (கேமரான் மிட்செல்) தப்பிச்சு வர்றான், தன் பக்க நியாயத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத் தேடி. கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கு. கடைசிச் சண்டையில காதை நம்பித்தான் சுடணும்.

படம் பார்க்கும்போது எனக்கு மெக்சிகோ எல்லை தெரியலைங்க. சத்தியமங்கலம் காடுதான் தெரிஞ்சுது. போத்தனூர்க்காரனுக்கு வேற எது தெரியும்?

வீரப்பன் கதையும் கண்ணுலதான் முடிஞ்சுது. 2000-ல தாளவாடி பக்கம் தொட்டகாஜனூர்ல இருந்து நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் வெச்சிருந்து, ரெண்டு மாநில அரசையும் ஆட்டிவைத்த ஆள். நாலே வருஷத்துல கண் சிகிச்சைக்காகக் காட்டை விட்டு வெளியே வர வேண்டியதாப் போச்சு. அடையாளம் தெரியாம இருக்க அந்தப் பேர்போன மீசையைக்கூடக் கத்தரிச்சாச்சு. 2004 அக்டோபர் 18 ராத்திரி, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம். அதிரடிப்படை சொன்னபடி, அவர் ஏறின ஆம்புலன்ஸை ஓட்டினதே போலீஸ்காரர். வழியில மறிச்சு, சரணடையச் சொல்லி, கேட்காததால சுட்டாங்களாம். உயிரோட பிடிச்சிருக்கலாமேன்னு மனித உரிமைக்காரங்க அப்பவே கேட்டாங்க.

வித்தியாசத்தைக் கவனிங்க. சினிமாவுல மங்கின கண்ணு ஹீரோவை இன்னும் பெரிய ஆளாக்குது. நிஜத்துல அது தூண்டில் புழு, அவ்வளவுதான்.

வீரப்பனை நான் க்ளே ஆக்க மாட்டேன். 1993-ல பாலாறு கண்ணிவெடியில மட்டும் 22 பேர் செத்தாங்க. வன அதிகாரி ஸ்ரீனிவாசை 1991-ல நம்ப வெச்சுக் கொன்னது எந்த வீரம்?

ஆனா கதையில மூணாவது ஆளும் உண்டு. தேடுதல்ங்கிற பேர்ல அதிரடிப்படைகிட்ட சித்திரவதைப்பட்ட மலைக்கிராமத்து ஜனங்க. சதாசிவா குழு விசாரணைக்கு அப்புறம், 2007-ல தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இழப்பீடு தரச் சொல்லுச்சு. வீரப்பன் செத்து மூணாவது வருஷம்!

வீரப்பனைப் பத்தி 'வனயுத்தம்' (2013) வந்துச்சு, 2023-ல ஓடிடி தொடர்கள் வந்துச்சு. எல்லாத்துலயும் நடுவுல நிக்கிறது அந்த மீசைதான். துப்பாக்கி வெச்சிருந்த ரெண்டு பக்கத்தையும் நமக்கு நல்லாத் தெரியும். நடுவுல மாட்டின 89 பேர்ல ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பார்வை மங்கினது யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க மக்களே.