யாருக்கு எழுதிய நிருபம்?

எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேதத்தில் ஒரு வசனம் அத்துபடி. வேலைக்காரர்கள் எஜமான்களுக்குப் பயந்து கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் நிருபம் ஆறாம் அதிகாரத்தில் வருகிறதே, அதுதான். அறுப்புக் காலத்தில் சனங்கள் கூலி கேட்டு முணுமுணுத்தால் உபதேசியார் அதைத்தான் வாசிப்பாராம். "ஆண்டவரே சொல்லிட்டாரு, நாம என்னத்தப் பேச" என்று அப்பாயி பண்ணைக்கே உழைத்துத் தேய்ந்தாள்.

பின்னாளில் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரை இடிக்கச் சொல்லிச் சபைக் கூட்டத்தில் நாங்கள் கேட்டோம். கிறிஸ்துவுக்குள் அடிமை, சுயாதீனன் என்ற பிரிவே கிடையாது என்று கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் சொல்கிறதே என்றேன். மூப்பர் ஒருவர் சிரித்தார். "அது கலாத்தியாக்காரனுக்கு எழுதுனது தம்பி. அடிமையெல்லாம் இப்ப ஏது?"

எபேசுவுக்கு எழுதியது சேரிக்கு வரும். கலாத்தியாவுக்கு எழுதியது ஊருக்கு வராது. இது என்ன கணக்கு?

இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே கிரேக்கச் சொல்: 'தூலோஸ்'. அடிமை என்று பொருள். சபைகளில் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, விடுதலை பேசுமிடத்தில் அதை 'அடிமை' என்றது. கீழ்ப்படியச் சொல்லுமிடத்தில் 'வேலைக்காரர்' என்றது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்திலும் இந்த வேறுபாடு உண்டு. மொழிபெயர்த்தவர்களின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். ரோமாபுரி ஆட்சியின் அடிமைக்குச் சொன்னது பண்ணையாளின் காதில் தனக்கே சொன்னதாக விழுந்தது. மற்ற வசனத்தை, அடிமைமுறைதான் ஒழிந்துவிட்டதே என்று தள்ளிவைக்கவும் வசதியாயிற்று.

கடலுக்கு அப்பால் வேதத்தையே கத்தரித்தார்கள். 1807இல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்று வேதாகமத்தின் சில பகுதிகளை மட்டும் பொறுக்கி லண்டனில் அச்சிட்டார்கள். எகிப்தைவிட்டு இஸ்ரவேலர் விடுதலையாகிப் போன கதை அதில் இல்லை. கலாத்தியர் வசனம் இல்லை. எபேசியர் வசனம் இருந்தது.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன், 1949இல் வெளிவந்த தன் நூலில் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். அடிமையாக இருந்து மீண்டவர் அந்தப் பாட்டி. அவருக்கும் எழுத்து தெரியாது. பேரன்தான் வேதம் வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் பவுலின் நிருபங்களைப் பெரும்பாலும் வாசிக்க விடமாட்டார். எஜமானின் போதகர் திரும்பத் திரும்ப அந்தக் கீழ்ப்படிதல் வசனத்தையே பிரசங்கித்ததுதான் காரணம். எங்க அப்பாயி தலைகுனிந்து கேட்டதை அந்தக் கிழவி கேட்க மறுத்துவிட்டார்.

நிருபங்களையே விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. முதலில் யாருக்கு எழுதியது என்று மூப்பர் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் இரண்டு வசனத்தையும் பார்த்துக் கேட்க வேண்டும். எபேசியர் வசனம் ரோமானியச் சட்டத்தில் சிக்கிக் கிடந்த அடிமைகளுக்குச் சொன்னது. அந்தச் சட்டம் செத்துப்போயிற்று. கலாத்தியர் நிருபமோ, விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் முழுக் கிறிஸ்தவனா என்று சபை கலங்கி நின்றபோது எழுதியது. அதன் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்துபோய் விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னாலும் அவரைக் கண்டித்தார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அங்கே வழக்கு.

நம் சபைகளில் இந்த வழக்கு எப்போது முடிந்தது? 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். சேர்ந்து உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குவதா என்று, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். வேதத்தை விட்டார்கள், சாதியை விடவில்லை.

அப்படியானால் கலாத்தியர் நிருபம் யாருக்கு? பிறப்பைச் சொல்லிப் பந்தியைப் பிரிக்கிற எந்தச் சபைக்கும்தான். அப்பாயிக்கு எழுதாததை அவள் தலையில் ஏற்றினார்கள். மூப்பருக்கு எழுதியதை அவர் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறார்.

சுவர் இன்னும் நிற்கிறது. அப்பாயி அதற்கு இந்தப் பக்கம் கிடக்கிறாள். அடுத்த சபைக் கூட்டத்தில் அந்த இரண்டாம் அதிகாரத்தை மூப்பரையே சத்தமாக வாசிக்கச் சொல்லப் போகிறோம்.