இரவு 8:35:18-க்குப் பிறந்த வரி

அந்த வரிக்குப் பிறந்த நேரம் நொடி பிசகாமல் உண்டு. 2008 நவம்பர் 9, மெஷின் கடிகாரப்படி இரவு 8 மணி 35 நிமிடம் 18 நொடி. ஜாதகம் கணிக்க இது போதும். பிறந்த ஊர் எது என்று கேட்டால் மட்டும் கிளவுட் என்றுதான் சொல்ல வேண்டும். அமேசானிடம் வாடகைக்கு எடுத்த 203 மெஷின்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றின் மேல் ஹடூப் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மெஷின் எழுதிவைத்த லாக் வரி அது.

வரியில் இருப்பது இவ்வளவுதான்: தேதி, நேரம், 143 என்று ஓர் எண், 'இன்ஃபோ' என்ற சொல், எழுதிய நிரலின் பெயர், பிறகு 'ரிசீவிங் பிளாக்' என்று தொடங்கி -1608999687919862906 என்ற மகா நீளமான பிளாக் எண், அனுப்பிய முகவரி, வந்து சேர்ந்த முகவரி. இரண்டு முகவரிகளும் ஒரே மெஷின். கதவு எண் மட்டும் வேறு. "ஒரு துண்டு வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்ல இத்தனை சடங்கு.

ஹடூப் பெரிய கோப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பல மெஷின்களில் போட்டுவைக்கும். அன்றைய வழக்கப்படி ஒரு துண்டு 64 எம்பி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் வேறு வேறு மெஷின்களில் இருக்கும்; ஒன்று செத்தால் இன்னொன்று. நம் வரி பேசுகிற துண்டு கொஞ்சம் விசேஷமானது. அது ஒரு வேலையின் நிரல் அடங்கிய ஜார் கோப்பு. எல்லா மெஷின்களும் ஒரே நேரத்தில் கேட்கும் என்பதால் அதற்கு மட்டும் மூன்றுக்கு மேல் பிரதிகள் எடுப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

லாக் கோப்பில் அடுத்த வரியைப் பார்த்தால் சிரிப்பு வரும். அதே துண்டுக்கு இடம் ஒதுக்கியதாக வேறொரு மெஷின் எழுதியிருக்கிறது, அதே நொடியில். அதாவது குடித்தனக்காரர் வந்து சாமான் இறக்குவது முதல் வரி, வீடு வாடகைக்கு விட்டது இரண்டாம் வரி. இரண்டு மெஷின்கள் தனித்தனியாக எழுதியதை நொடிக்கணக்கில் சேர்த்துக் கோத்ததில் முன்பின்னாகிவிட்டது. ஆளுக்கு வேடிக்கை. வரிசையைப் பார்த்தே பாடம் படிக்கிற இயந்திரத்துக்கு இதுவும் பாடம்தான்.

38.7 மணி நேரத்தில் அந்த 203 மெஷின்கள் 1,11,75,629 வரிகள் எழுதின. பேசப்பட்ட துண்டுகள் 5,75,061. எவனும் உட்கார்ந்து படிக்க முடியாத அளவு. இதைப் படிக்க முனைந்தவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள்: வெய் ஷூ, அவருடன் டேவிட் பேட்டர்சன், மைக்கேல் ஜோர்டன் முதலானோர் (கூடைப்பந்து ஜோர்டன் இல்லை, புள்ளியியல் ஜோர்டன்). 2009-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் எனக்குப் பிடித்த விஷயம் கணக்கு அல்ல. அவர்கள் வரியை மட்டும் பார்க்காமல், அந்த வரியை அச்சிடச் சொன்ன மூல நிரலைத் தேடிப் போனார்கள். எது மாறாத சொல், எது மாறுகிற எண் என்பதை நிரலிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பெற்றவர்களிடம் விசாரிப்பது போல. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் எந்தெந்த வகை வரி எத்தனை முறை வந்தது என்று எண்ணி, ஊரோடு ஒத்துப்போகாத துண்டுகளைப் பிரித்தெடுத்தார்கள்.

பெர்க்லிக்கும் லாக் வரிக்கும் பழைய உறவு உண்டு. 1980-களில் அங்கே எரிக் ஆல்மன் செண்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலுக்காக எழுதிய துணைக் கருவிதான் சிஸ்லாக். குடி முழுகிப்போன நிலையிலிருந்து 'சும்மா எழுதிவைத்தேன்' வரை எட்டுப் படிகள் அதில் உண்டு. நம் வரியில் இருக்கும் 'இன்ஃபோ' அந்தப் பரம்பரைச் சொல். எந்தப் படி என்று முடிவு செய்கிறவர், நிரலை எழுதும்போது என்ன மனநிலையில் இருந்தாரோ அந்த ஆள்தான். அதனால் விளைகிற கூத்துக்கு இந்த ஹடூப் லாகே சாட்சி. 'காட் எக்செப்ஷன் வைல் சர்விங்' என்று ஒரு வரி 'வார்ன்' முத்திரையோடு சாரி சாரியாக வரும். விசாரித்தால் ஒன்றுமில்லை, படிக்க வந்தவர் பாதியில் எழுந்து போயிருப்பார். 'இது எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லை' என்ற பொருளில் இன்னொரு வரி வெறும் 'இன்ஃபோ'வாக, பவ்யமாக வரும். கோளாறு அங்கேதான். சத்தம் போடுகிற பிள்ளைக்கு ஒன்றுமிராது, மூலையில் சுருண்டு படுத்திருப்பதற்குத்தான் ஜுரம் என்று சொல்வார்களே, அது.

பெர்க்லி முறை இரண்டையும் பெரும்பாலும் சரியாகவே பிரித்தது. தவறியது வேறு இடத்தில். கூடுதல் பிரதி எடுக்கப்பட்ட வேலைக் கோப்புகளில் சிலவற்றைக் கோளாறு என்று காட்டிக்கொடுத்தது. ஊரெல்லாம் மூன்று பிரதி, இதற்கு மட்டும் ஏன் அதிகம்? அரிதாக நடந்தது, ஆனால் தப்பாக நடக்கவில்லை. இந்த வித்தியாசம் லாகில் எழுதியிருக்காது. ஹடூப் தெரிந்த ஒருவர் சொன்னால்தான் உண்டு.

அதற்குப் பிறகு வரியின் பயணம் வேகமெடுக்கிறது. ஹாங்காங்கில் ஆய்வாளர்கள் இத்தகைய லாகுகளைத் திரட்டி லாக்ஹப் என்ற பெயரில் பொதுவில் வைத்தார்கள். அவர்களே 2017-இல் செய்த டிரெய்ன் என்ற கருவிக்கு மூல நிரல் தேவையில்லை. வரியில் மாறும் பகுதிகளையெல்லாம் நட்சத்திரக் குறியாக்கி அச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும். நம் வரியின் நீளமான பிளாக் எண், இரண்டு முகவரிகள் எல்லாம் போய், அந்த அச்சுக்கு 'ஈ-5' என்று பெயர் வைத்தாயிற்று. இடம் ஒதுக்கிய வரி 'ஈ-22'. ஒரு கோடிக்கு மேற்பட்ட வரிகள் முப்பதுக்கும் குறைவான அச்சுகளுக்குள் அடங்கிவிட்டன.

அதே 2017-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் டீப்லாக் வந்தது. அது நரம்பியல் வலைப்பின்னல். நூறு கல்யாணம் பார்த்த பெரியம்மாவுக்கு மாலை மாற்றியதும் அடுத்து ஊஞ்சல் என்று தெரியும் இல்லையா? அதுபோல ஈ-5, ஈ-22, ஈ-5 என்று வந்தால் அடுத்து வரக்கூடியவை எவை என்று அது யூகிக்கும். யூகத்தில் இல்லாதது வந்தால் புருவத்தை உயர்த்தும். கோளாறு என்ன என்று அதற்குச் சொல்லித்தர வேண்டாம். ஒழுங்காக நடந்த கொஞ்சம் கதைகளைக் காட்டினால் போதும். நல்ல யோசனை. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ முறைகள் இதே வரிகளின் மேல்தான் தங்களை உரசிப் பார்த்துக்கொண்டன.

2023-இல் ஆஸ்திரியாவில் மாக்ஸ் லாண்டவரும் சகாக்களும் இந்த உரைகல்லையே உரசிப் பார்த்தார்கள். அதிகம் பயன்படும் இத்தகைய லாக் தொகுப்புகளில் பெரும்பாலான கோளாறுகளைப் பிடிக்க வரிசை ஞானமே தேவையில்லை, இதுவரை வராத வகை வரி வந்திருக்கிறதா, எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதா என்று பார்க்கிற எளிய முறையே பெரும்பாலும் போதும் என்று காட்டினார்கள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை.

ஆனால் என் மனதில் நிற்பது வேறு. தொகுப்போடு ஒரு விடைத்தாள் கோப்பு வரும். துண்டு எண், பக்கத்தில் ஒரே சொல். நம் துண்டு முதலில் இருக்கிறது: 'நார்மல்'. மூன்றாவதாக -3544583377289625738: 'அனாமலி'. பெர்க்லி கட்டுரையில் கோளாறுகளுக்குக் காரணப் பெயர்கள் இருந்தன: எழுத முடியாமல் கைவிட்டது, நீக்கிய பிறகும் கணக்கில் நின்றது என்றெல்லாம். விடைத்தாளுக்கு வந்தபோது எல்லாம் கழிந்து ஒரு சொல்தான் மிஞ்சியது. எண் நட்சத்திரமானது போலவே காரணமும் எங்கோ இறங்கிவிட்டது.

இந்த வித்தைகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சப்போர்ட் அறைகளில் உட்கார்ந்திருக்கின்றன. நான் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஒரு ஸ்விட்ச் படுத்தால் அதன் கீழிருக்கும் சர்வர்கள் எல்லாம் ஆளுக்கொரு டிக்கெட் எழுப்பும். மூடி மூடியே விடிந்துவிடும். இப்போது அவற்றை இவை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கின்றன. இரவுப் பணி பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு ராத்திரி, புதிதாகச் சேர்ந்த பையன் திரையைத் திருப்பினான்.

"அண்ணா, ஸ்கோர் 0.97 காட்டுது."

"ஏன்னு சொல்லுதா?"

"இல்லண்ணா. வழக்கமா வராத லைன் நிறைய வந்திருக்குன்னு மட்டும் சொல்லுது."

பார்த்தோம். மாதக் கடைசி பேக்கப். முந்தின நாள் விடுமுறை என்பதால் ஒருவர் அதை ஒரு நாள் தள்ளிவைத்திருந்தார். அவ்வளவுதான். திரையில் இரண்டு பொத்தான்கள்: 'நார்மல்', 'அனாமலி'. பையன் 'நார்மல்' அழுத்தப் போனவன் நிறுத்தினான்.

"காரணம் எழுத இடம் இல்லையாண்ணா?"

இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு, காலை ஷிஃப்டுக்குப் போகும் ஹேண்டோவர் மெயிலைத் திறந்து தட்டினான்: "2:10-க்கு வந்தது பேக்கப் தள்ளிப் போனதால். லீவு வந்தா திரும்பவும் வரும். பேக்கப் முழுசா முடிஞ்சுதான்னு மட்டும் பார்த்துக்கோங்க."