இளம் நீச்சல் வீரர்களின் உடல்நீர் இழப்பு

நீச்சல் பயிற்சியின்போது வியர்வை, சிறுநீர், மூச்சுக்காற்று ஆகியவற்றின் வழியே உடலிலிருந்து நீர் குறைவது உடல்நீர் இழப்பு எனப்படும். தண்ணீருக்குள்ளும் உடலுக்கு வியர்க்கும். ஆனால் வியர்வை தோன்றியவுடன் கரைந்துபோவதால் நீந்துபவருக்கே அது தெரிவதில்லை.

தசைகளில் உண்டாகும் வெப்பத்தின் பெரும்பகுதியைக் குளத்து நீர் வாங்கிக்கொள்கிறது. அதனால் ஓட்டக்காரர்களைவிட நீச்சல் வீரர்களுக்கு வியர்வை குறைவு. மிதமான குளத்தில் பெரியவர்களுக்கே பொதுவாக மணிக்கு அரை லிட்டரைத் தாண்டாது. போட்டிக் குளங்களின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிடச் சூடான நீரில் வியர்வை பெருகும். ஆவியாக வழியில்லாததால் உடலைக் குளிர்விக்கவும் உதவாது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில், வெதுவெதுப்பான கடலில் நடந்த 10 கி.மீ. போட்டியின்போது அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். அதன்பின் திறந்தவெளி நீச்சலுக்கு 31 டிகிரி உச்சவரம்பாக வகுக்கப்பட்டது.

நீரின் அழுத்தம் கால்களில் உள்ள இரத்தத்தை மார்புப் பகுதிக்குத் தள்ளுகிறது. இதய அறைகள் விரிவதை உடல் நீர்மிகுதியாக எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கூட்டுகிறது. பயிற்சியின் நடுவே பிள்ளைகள் கழிப்பறைக்கு ஓடுவதற்கு இதுவும் காரணம்; பயிற்சியாளர்கள் அதைச் சாக்காக எண்ணித் தடுப்பது தவறு.

குளத்தில் இழக்கும் நீரைவிட, வரும்போதே இருக்கும் பற்றாக்குறைதான் பெரும்பாலும் கவலைக்குரியது. விடியற்காலையில் எழுந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் வருபவர்கள் உண்டு. பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சி நாள் முழுதும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு மாலைப் பயிற்சிக்கு வரும் மாணவிகளின் நிலை இன்னும் மோசம். அடர்மஞ்சள் சிறுநீர் எளிய எச்சரிக்கை. உடல் எடையில் 2 விழுக்காட்டளவு நீர் குறைந்தால் நெடுநேரம் நீந்தும் ஆற்றல் தளரலாம்.

இழப்பை அறிய, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர். இடையில் குடித்ததையும் கழித்த சிறுநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விழுங்கிய குளத்து நீரை யாராலும் சரியாக அளக்க முடியாது என்பதால், சிறுவர்களிடம் இக்கணக்கு தோராயமானதே.

வெப்பச் சூழலில் பயிற்சி செய்யும் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலிட்டர் குடிக்கலாம் என்று 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கூறியது. வழக்கமான பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். கஃபீன் கலந்த ஆற்றல் பானங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது. தேவைக்கு மீறித் தண்ணீர் குடிக்க வைத்தாலும் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்து நேரும்.