வியட்நாம் முன்னாள் படைவீரர் நினைவகம்

வியட்நாம் முன்னாள் படைவீரர் நினைவகம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன், டி. சி.யில் அமைந்துள்ள ஒரு போர் நினைவிடம் ஆகும். வியட்நாம் போரில் உயிரிழந்த அல்லது காணாமற்போன 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்கள் இதன் கருங்கல் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இது நவம்பர் 13, 1982 அன்று திறந்து வைக்கப்பட்டது. பொதுவழக்கில் இது "சுவர்" என்றே அழைக்கப்படுகிறது.

தோற்றம்

வியட்நாம் போர் அமெரிக்க மக்களிடையே கடும் கருத்து வேறுபாட்டை ஏற்படுத்திய போராகும். முந்தைய போர்களில் வென்று திரும்பியோருக்குக் கிடைத்த வரவேற்பு இப்போரிலிருந்து திரும்பியோருக்குக் கிடைக்கவில்லை. தாம் போரில் பங்கேற்றதை வெளியிற் கூறவே பலர் தயங்கினர்.

இப்போரில் காயமுற்ற முன்னாள் படைவீரரான ஜான் ஸ்க்ரக்ஸ், 1979 ஆம் ஆண்டு "தி டியர் ஹண்டர்" என்ற திரைப்படத்தைப் பார்த்தபின், இறந்தோர் அனைவரின் பெயர்களையும் தாங்கிய நினைவகம் ஒன்றை எழுப்ப எண்ணினார். அவ்வாண்டிலேயே அவரும் பிற முன்னாள் வீரர்களும் இதற்கென ஒரு நிதியத்தை நிறுவினர். பொதுமக்கள், நிறுவனங்கள், முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஆகியோரிடமிருந்து சுமார் 84 இலட்சம் டாலர் திரட்டப்பட்டது. நிலத்தை மட்டுமே அரசு வழங்கியது. அதற்கு 1980 ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரசு ஒப்புதல் அளித்தது.

வடிவமைப்பு

வடிவமைப்புக்கெனத் திறந்த போட்டி ஒன்று நடத்தப்பட்டது. இறந்தோர், காணாமற்போனோர் அனைவரின் பெயர்களும் இடம்பெற வேண்டும் என்பதும், போரைப் பற்றிய அரசியல் கருத்து எதுவும் இடம்பெறலாகாது என்பதும் அதன் முக்கிய நிபந்தனைகள். வந்துசேர்ந்த 1,421 வடிவங்களுள், யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவியாக இருந்த 21 வயதான மாயா லின் என்பவரின் வடிவம் 1981 ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டது.

நிலமட்டத்திற்குக் கீழே செல்லும் இரண்டு சுவர்கள் ஒரு கோணத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 75 மீட்டர் நீளமுடையது. சந்திக்கும் இடத்தில் உயரம் சுமார் 3 மீட்டர். ஒரு சுவர் வாஷிங்டன் நினைவுத்தூணையும் மற்றொன்று லிங்கன் நினைவகத்தையும் நோக்கியுள்ளன. கருங்கல் இந்தியாவின் பெங்களூரிலிருந்து பெறப்பட்டது. கல் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டுள்ளதால், பெயர்களைப் படிப்போர் அவற்றினூடே தம் முகத்தையும் காண்கின்றனர்.

எதிர்ப்பு

வெண்கல்லில் உயர்ந்தெழும் நினைவுச் சின்னங்கள் நிறைந்த நகரில், நிலத்துள் தாழ்ந்த கருஞ்சுவர் வீரர்களை இழிவுபடுத்துவதாக முன்னாள் படைவீரர்களுள் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். இணக்கமாக, பிரெடெரிக் ஹார்ட் வடித்த மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையும் ஒரு கொடிக்கம்பமும் சேர்க்கப்பட்டன. சிலை 1984 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பெரும்பாலும் செவிலியராகப் பணியாற்றிய பெண்களுக்கென, கிளென்னா குடேகர் வடித்த சிலை 1993 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது.

பெயர்களும் குறியீடுகளும்

பெயர்கள் அகரவரிசையில் அல்லாது, உயிரிழந்த அல்லது காணாமற்போன நாளின் வரிசையில் அமைந்துள்ளன. படைத்தரம் குறிக்கப்படவில்லை. ஸ்மித் என்ற குடும்பப்பெயர் கொண்டோர் மட்டும் 600க்கு மேல் உள்ளனர். அகரவரிசை தொலைபேசிக் கையேட்டையே நினைவூட்டியிருக்கும். நாள்வரிசையிலோ ஒரே சண்டையில் மாண்ட தோழர்கள் அருகருகே இடம்பெறுகின்றனர். வரிசை சுவர்கள் சந்திக்கும் மூலையில் தொடங்கி, கிழக்குச் சுவரின் முனைவரை சென்று, மேற்குச் சுவரின் முனையிலிருந்து மீண்டும் அதே மூலையில் முடிகிறது. இவ்வாறு போரின் தொடக்கமும் முடிவும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

பெயரருகே உள்ள சாய்சதுரக் குறி இறப்பு உறுதியானதையும், சிலுவைக் குறி காணாமற்போனதையும் குறிக்கும். உடல் எச்சம் அடையாளம் காணப்பட்டால் சிலுவையின் மேல் சாய்சதுரம் பொறிக்கப்படும். காணாமற்போனவர் உயிருடன் திரும்பினால் சிலுவையைச் சுற்றி வட்டம் பொறிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாறு ஒரு வட்டமும் பொறிக்கப்பட்டதில்லை.

நினைவுகூரல்

வருவோர் பெயரின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதன் படியை வீட்டுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். கடிதங்கள், பதக்கங்கள், காலணிகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைச் சுவரடியில் வைத்துச் செல்வோரும் பலர். தேசியப் பூங்காச் சேவை இவற்றைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. இதுவரை சேர்ந்தவை 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. வாஷிங்டனுக்கு வர இயலாதோருக்காக, சுவரின் பாதியளவு நகல் ஒன்று 1984 ஆம் ஆண்டு முதல் ஊர்தோறும் கொண்டு செல்லப்பட்டது.

சுவரில் இடம்பெறாதோர்

இச்சுவர் அமெரிக்கப் படையினருக்கு மட்டுமே உரியது. அப்போரில் மாண்ட இலட்சக்கணக்கான வியட்நாமியர் இதில் இடம்பெறவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், ஏஜென்ட் ஆரஞ்சு என்னும் களைக்கொல்லியின் தாக்கத்தாலும் மனவடுவாலும் இறந்த அமெரிக்க வீரர்களின் பெயர்களும் பொறிக்கப்படுவதில்லை. அவர்களின் குடும்பத்தினரது முயற்சியின் பயனாக, 2004 ஆம் ஆண்டு சுவருக்கு அருகே நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அதில் தனிப்பெயர் எதுவும் இல்லை. அப்பெயர்களை, ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் நிகழ்வில் உரத்து வாசித்து நினைவுகூர்கின்றனர்.